நகைச்சுவை வாக்கியமும் ஆங்கிலச் சொல்லறிவும்

ஆங்கில நாவலையோ செய்தித்தாளையோ அகராதியின் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழக மொழியியலாளர் பால் நேஷன் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விரிவான மதிப்பீடு ஒன்றைத் தந்தார். ஒரு பக்கத்திலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 முன்பே தெரிந்திருந்தால்தான் எஞ்சிய இரண்டைச் சூழலைக் கொண்டு ஊகிக்க இயலும் என்று வைத்துக்கொண்டால், எழுத்து நடைக்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும் பேச்சு நடைக்கு 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும் தேவைப்படும் என்பது அவர் கணக்கு. சொற்குடும்பம் என்பது ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்த தொகுதியாகும். 'ஹாப்பி', 'ஹாப்பினஸ்', 'அன்ஹாப்பி' மூன்றும் ஒரே குடும்பம். இவற்றுள் முதல் இரண்டாயிரம் மூவாயிரம் குடும்பங்கள் அன்றாடப் பேச்சிலும் பாடநூல்களிலும் திரும்பத் திரும்ப வருவதால் தனி முயற்சியின்றியே பதிந்துவிடுகின்றன. அவற்றைக் கடந்த சொற்களின் நிலை வேறு. பத்து லட்சம் சொற்களுக்கு ஒரு முறை மட்டும் வரும் ஒரு சொல்லை, ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆங்கில நாவல்கள் படிக்கும் ஆர்வமுள்ள வாசகர்கூட ஆண்டுக்கு ஒரு தடவைதான் சந்திப்பார். அடுத்த சந்திப்பு வரும்போது முந்தையது மறந்திருக்கும். உயர்நிலைச் சொற்களை வாசிப்பின் போக்கில் தானாகச் சேர விடுவது போதாது என்பதும், அவற்றுக்குத் தனியே தயாரித்த எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தேவைப்படுகின்றன என்பதும் இந்த எளிய கணக்கிலிருந்தே விளங்கும்.

அத்தகைய வாக்கியங்கள் இல்லாதபோது மாணவர் நாடுவது இரண்டு பத்திகளாக அமைந்த பட்டியலை: இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள். இந்த முறை ஏன் பெரும்பாலும் பயனற்றுப் போகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் பற்றிய நூல் மறைமுகமாக விளக்குகிறது. பொருளற்ற அசைகளை வரிசையாக மனனம் செய்து, குறிப்பிட்ட இடைவெளிகளுக்குப் பின் அதே வரிசையை மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அவர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி அளந்தார். ஒரு நாள் கழிந்த பின் முதல் முறை ஆன உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமாயிற்று. இழப்பின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நிகழ்ந்திருந்தது. தாய்மொழியில் வேரோ உறவோ இல்லாத ஓர் அயற்சொல், முதன்முதலில் காண்பவருக்குப் பொருளற்ற அசைக்கோவையை ஒத்ததே என்பதால், பட்டியலில் படித்த சொல்லும் அந்த அசைகளின் வழியிலேயே விரைந்து மறைகிறது.

அயற்சொல்லை அந்த நிலையிலிருந்து மீட்பது அதனோடு இணைக்கப்படும் பொருளுறவுகளே. 1972-இல் ஃபெர்கஸ் கிரெய்க், ராபர்ட் லாக்ஹார்ட் ஆகிய இருவரும் முன்வைத்த கருத்தின்படி, ஒரு செய்தி நினைவில் நிலைப்பது அதை எத்தனை முறை கண்டோம் என்பதைவிட எவ்வளவு ஆழமாகக் கையாண்டோம் என்பதையே சார்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் கிரெய்க்கும் எண்டல் டல்விங்கும் நடத்திய சோதனைகளில், ஒரு சொல்லின் எழுத்து வடிவத்தை மட்டும் நோக்கியவர்கள் மிகக் குறைவாகவும், அதன் ஒலியை நோக்கியவர்கள் சற்றுக் கூடுதலாகவும், அச்சொல் ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தில் பொருந்துமா என்று எண்ணிப் பார்த்தவர்கள் மிக அதிகமாகவும் நினைவுகூர்ந்தனர். வாக்கியம் செறிவாக இருந்தபோது நினைவு மேலும் வலுப்பட்டது. ஆகவே வாக்கியம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய வாக்கியம் என்பதே கேள்வி.

நகைப்பூட்டும் வாக்கியமே சிறந்தது என்ற எண்ணம் ஆசிரியர்களிடையே பரவலாக உண்டு; அதன் வேர் மிகப் பழமையானது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் லத்தீன் மொழியில் எழுதப்பட்டதும் ஆசிரியர் பெயர் உறுதியாகத் தெரியாததுமான 'ரெட்டோரிகா ஆட் ஹெரென்னியம்' என்னும் சொற்பொழிவுக் கலை நூல், நினைவில் வைக்க வேண்டியவற்றை வழக்கத்துக்கு மாறான, வேடிக்கையான உருவங்களாக மனத்தில் அமைத்துக்கொள்ளுமாறு பேச்சாளருக்கு அறிவுறுத்துகிறது. 1933-இல் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர், ஒரே தன்மையுடைய உருப்படிகளின் நடுவே வேறுபட்டு நிற்கும் ஒன்று எளிதில் நினைவில் தங்குவதைச் சோதனை வழியாகக் காட்டினார். ஆனால் வேடிக்கை எந்த அளவுக்கு, எந்தச் சூழ்நிலையில் உதவுகிறது என்பதை நேரடியாக அளந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீஃபன் ஷ்மிட். 1994-இல் வெளியான அவரது ஆய்வில், நகைச்சுவை வாக்கியங்களும் சாதாரண வாக்கியங்களும் கலந்த பட்டியலைப் படித்தவர்கள் நகைச்சுவை வாக்கியங்களையே அதிகம் நினைவுகூர்ந்தனர். எல்லா வாக்கியங்களும் நகைச்சுவையாக இருந்த பட்டியலுக்கோ, எல்லாம் சாதாரணமாக இருந்த பட்டியலைவிட எந்த மேன்மையும் கிடைக்கவில்லை. மேலும், கலந்த பட்டியலில் நகைச்சுவை வாக்கியம் பெற்ற இடம் அதன் அருகிலிருந்த சாதாரண வாக்கியங்களின் செலவில் வந்ததாகவே தெரிந்தது.

சொல் கற்பிப்போர் இந்த முடிவை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு சொற்களுக்கு நூறு வேடிக்கை வாக்கியங்கள் எழுதி அடுக்கும் நூல், தான் நாடிய பயனைத் தானே அழித்துக்கொள்கிறது. எல்லாமே விசித்திரமான இடத்தில் எதுவும் விசித்திரமன்று. எளிதில் பதியும் சொற்களுக்கு எளிய வாக்கியம் போதும். மீண்டும் மீண்டும் நழுவும் சொற்களுக்காக நகைச்சுவையைச் சேமித்து வைப்பதே அறிவுடைமை.

இதனினும் முதன்மையான மற்றொரு நிபந்தனை உண்டு. அது நகைச்சுவையின் இயக்கத்தைப் புரிந்துகொண்டால்தான் தெளிவாகும். நகைப்பு முரணிலிருந்து பிறக்கிறது என்ற கருத்து கான்ட், ஷோபன்ஹாவர் ஆகிய ஜெர்மானிய மெய்யியலாளர்கள் காலத்திலிருந்தே பேசப்படுவது. 1972-இல் ஜெரி சல்ஸ் அதை இரண்டு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். கேட்பவரின் எதிர்பார்ப்பு முறிவது முதற்கட்டம். முறிவை விளக்கும் வேறொரு விதியைக் கண்டுபிடித்து முரணைத் தீர்ப்பது இரண்டாம் கட்டம். தீர்வு கிட்டாவிட்டால் எஞ்சுவது குழப்பமே. நகைப்பு தீர்வோடு சேர்ந்தே வருகிறது. சொல் கற்பிக்கும் வாக்கியத்தில் முரணைத் தீர்க்கும் அந்த விதி எதுவாக இருக்க வேண்டும் என்று கேட்டால், கற்க வேண்டிய சொல்லின் பொருளே அவ்விதியாக இருக்க வேண்டும் என்ற விடை கிடைக்கிறது. வேறு வகையில் கூறினால், படிப்பவர் எதைக் கண்டு நகைக்கிறாரோ அதன் பெயராக அந்தச் சொல் அமைய வேண்டும்.

'டாசிட்டர்ன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இயல்பாகவே பேச விரும்பாத, வாய் திறப்பது அரிதான தன்மையை அது குறிக்கிறது. டாசிட்டர்ன் ஆன மாமா வாழைப்பழத் தோலில் வழுக்கி மணமேடையில் விழுந்து மாப்பிள்ளையின் தலைப்பாகையோடு எழுந்தார் என்ற வாக்கியம் நகைப்பை வரவழைக்கலாம். ஆனால் நகைப்புக்குக் காரணம் வழுக்கல், அமைதி அன்று. 'டாசிட்டர்ன்' இருந்த இடத்தில் உயரமான, பணக்கார, கிட்டப்பார்வையுள்ள என்று எதை வைத்தாலும் வேடிக்கை குறைவதில்லை. இத்தகைய வாக்கியத்தைப் படித்தவர் ஒரு மாதம் கழித்துத் தலைப்பாகையை நினைவில் வைத்திருப்பார், சொல்லை மறந்திருப்பார். கட்டடம் தீப்பற்றி எரிந்தபோது டாசிட்டர்ன் ஆன காவலாளி தீயணைப்பு நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, 'சூடு' என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான் என்ற வாக்கியத்திலோ, நகைப்புக்கு உரியது அவனது பேசாத் தன்மையே.

இந்த இரண்டாம் வாக்கியத்திலும் ஒரு குறை உண்டு. அதை ஆராய்வது பயன் தரும். 'லகோனிக்' என்ற சொல்லும் குறைவாகப் பேசுவதைத்தான் குறிக்கிறது. காவலாளியின் 'சூடு' அதற்கும் பொருந்திவிடும். இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நுண்ணியது. 'டாசிட்டர்ன்' மனிதரின் சுபாவத்தைச் சொல்கிறது. 'லகோனிக்' பேச்சின் நடையைச் சொல்கிறது; சொற்கள் சில, பொருள் செறிவு என்பது அதன் உள்ளடக்கம். பண்டைக் கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா நகரம் அமைந்த லகோனியா என்ற நிலப்பகுதியின் பெயரிலிருந்தே அச்சொல் வந்தது. மாசிடோனிய மன்னன் பிலிப், தான் லகோனியாவுக்குள் நுழைந்தால் அம்மக்களை வேரோடு பெயர்த்தெறிவதாக எழுதி அனுப்பியபோது, அவர்கள் 'நுழைந்தால்' என்று ஒரே ஒரு சொல்லைப் பதிலாக அனுப்பினர் என்ற செய்தியைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். இங்கே சொல்லின் வரலாறே நகைச்சுவையாகவும், நகைச்சுவையே சொல்லின் பொருளாகவும் அமைந்துவிட்டதால், 'லகோனிக்' என்பதற்கு வேறு வாக்கியம் தேட வேண்டியதில்லை. 'டாசிட்டர்ன்' என்பதற்கோ, தீயைக் கண்ட காவலாளி தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்திவிட்டு, பேச வேண்டியிருக்குமே என்றெண்ணி அதை எதிர்வீட்டுச் சிறுவன் கையில் கொடுத்துவிட்டான் என்று மாற்றினால் போதும். சுபாவம் தனியே தெரியும், நடை குறுக்கிடாது. ஒத்த பொருளுள்ள சொற்களை இவ்வாறு இணைகளாக எடுத்து, ஒன்றுக்கு எழுதிய வாக்கியம் மற்றொன்றுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது, எந்த அகராதி விளக்கமும் தராத தெளிவைத் தருகிறது.

இந்தச் சோதனையை எளிதாகச் செய்ய ஒரு வழி உண்டு. வாக்கியத்திலிருந்து சொல்லை நீக்கிக் கோடிட்ட இடம் விட்டு, அச்சொல்லை அறிந்த ஒருவரிடம் காட்டினால், நிகழ்ச்சியை மட்டும் கொண்டு அவர் அதே சொல்லை நிரப்ப வேண்டும். இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், எலன் மெக்காஸ்லின் ஆகிய மூவரும் 1983-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, பள்ளி வாசிப்பு நூல்களில் புதிய சொற்கள் வரும் சூழல்களை நான்கு வகையாகப் பிரித்தது: பொருளுக்கு வழிகாட்டுபவை, பொதுவாக மட்டும் சுட்டுபவை, எதையும் சுட்டாதவை, தவறான பொருளுக்கு இட்டுச் செல்பவை. மணமேடையில் வழுக்கிய மாமா மூன்றாம் வகை. தொலைபேசியைச் சிறுவனிடம் கொடுத்த காவலாளி முதல் வகை. நகைச்சுவை கைக்கு வந்தவுடன் வாக்கியம் முடிந்துவிட்டதாக எண்ணுவது எழுதுவோருக்கு எளிது. ஆனால் இந்த நான்கு வகைகளில் அது எங்கே நிற்கிறது என்பதைக் கண்ட பின்னரே அதை மாணவரிடம் கொடுக்க வேண்டும்.

நகைச்சுவை பாடப்பொருளோடு பிணைந்திருக்க வேண்டும் என்ற கருத்துக்கு, 1977-இல் ராபர்ட் கேப்லனும் கிரிகரி பாஸ்கோவும் வெளியிட்ட ஆய்வு துணை நிற்கிறது. பல்கலைக்கழக மாணவர் 508 பேருக்கு ஒரே விரிவுரையின் வெவ்வேறு வடிவங்கள் காட்டப்பட்டன. சிலவற்றில் நகைச்சுவை எடுத்துக்காட்டுகள் பாடக்கருத்தை விளக்கின, சிலவற்றில் அவை கருத்தோடு தொடர்பின்றி வந்தன. விரிவுரை முடிந்த உடனே நடந்த தேர்வில் நகைச்சுவையால் புரிதல் கூடியதாகத் தெரியவில்லை. ஆறு வாரங்கள் கழித்து நடந்த மறுதேர்வில், நகைச்சுவை எடுத்துக்காட்டு எந்தக் கருத்தை விளக்கியதோ அந்தக் கருத்து கூடுதலாக நினைவில் நின்றது. உடனடிப் பயனை எதிர்பார்த்து நகைச்சுவையை எடைபோடுவோர் ஏமாறக்கூடும் என்பதும், அதன் பயன் காலம் கழித்தே தெரியவரும் என்பதும் இதனால் பெறப்படுகின்றன.

மூளை ஆய்வுகள் இவ்விடத்தில் அடிக்கடி மேற்கோளாகக் காட்டப்படுகின்றன. எதிர்பாராத சொல்லில் முடியும் வாக்கியத்தைப் படிப்பவரின் மூளையில், அச்சொல் தோன்றிய சுமார் 400 மில்லி நொடிக்குள் தனித்த மின்னலை ஒன்று எழுவதை மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் 1980-இல் கண்டறிந்தனர்; வேடிக்கையான கேலிச்சித்திரங்களைப் பார்க்கும்போது, மகிழ்வூட்டும் பொருள்களுக்கு எதிர்வினை புரியும் மூளைப் பகுதிகள் செயல்படுவதை டீன் மாப்ஸும் அவர் குழுவினரும் 2003-இல் காட்டினர். பொருள் முரணை மூளை மிக விரைவாக இனங்காண்கிறது, நகைப்பு ஒருவகைப் பரிசாக அமைகிறது என்ற அளவில் இவை மதிப்புடையவை. சொல் கற்றலை இவ்வாய்வுகள் அளக்கவில்லை என்பதால், அவற்றிலிருந்து கற்பித்தல் முறைகளை நேரடியாக வருவிப்பது பொருந்தாது.

நகைச்சுவை வாக்கியங்கள் இழைக்கக்கூடிய தீங்குகளும் உள்ளன. அவற்றுள் முதலாவது மிகைப்படுத்தலால் வருவது. 'ஃப்ரூகல்' என்பது வீண்செலவு செய்யாத நற்பண்பைப் பாராட்டும் சொல். 'பார்சிமோனியஸ்' என்பது கொடுக்க மனமில்லாத கஞ்சத்தனத்தைப் பழிக்கும் சொல். விருந்தினருக்குக் காப்பியின் மணத்தை மட்டும் காட்டிவிட்டு டம்ளரை உள்ளே எடுத்துச் சென்றவரைப் பற்றிய வாக்கியம் இரண்டாம் சொல்லுக்கு மிகப் பொருத்தமானது. அதையே முதற்சொல்லுக்கு வைத்தால் பாராட்டு பழியாகத் திரிந்து, மாணவர் பின்னாளில் ஒரு பரிந்துரைக் கடிதத்தில் நல்லவரை இழிவுபடுத்தும் நிலை வரும், அல்லது இழிவானவரைப் பாராட்டும் நிலை வரும். மிகைப்படுத்துவது நகைச்சுவையின் இயல்பு. அளவோடு நிற்கும் பண்பைக் குறிக்கும் சொற்களுக்கு மிகையே பகை. எதிர்மறைப் பொருள் தொனிக்கச் சொல்லும் கிண்டலும் இவ்வாறே தவறாக வழிகாட்டும். எப்போதும் ஒரு மணி நேரம் தாமதமாக வரும் ஒருவரைக் கிண்டலாக 'பங்க்சுவல்' என்று அழைக்கும் வாக்கியம், அச்சொல்லை அறிந்தவருக்குச் சுவை தரும். அறியாதவருக்குத் தலைகீழான பொருளைக் கற்பிக்கும்.

ரிச்சர்ட் ஷெரிடன் 1775-இல் அரங்கேற்றிய 'தி ரைவல்ஸ்' நாடகத்தின் மாலப்ராப் சீமாட்டி இந்த வேறுபாட்டை நன்கு காட்டுகிறார். 'ஆலிகேட்டர்' என்று முதலையைச் சொல்ல வேண்டிய இடத்தில் உருவகக் கதையைக் குறிக்கும் 'அலிகரி' என்ற சொல்லை அவர் கையாள, அவையோர் நகைக்கின்றனர். இத்தகைய பிழைக்கே 'மாலப்ராபிசம்' என்ற பெயர் அவரால் ஆங்கிலத்தில் நிலைத்தது. ஆனால் இரு சொற்களையும் அறிந்தவருக்கு மட்டுமே அந்த நகைச்சுவை எட்டும். இத்தகைய வாக்கியங்கள் கற்பிக்கப் பயன்படா. கற்றதைச் சோதிக்க மிகவும் பயன்படும். ஒரு மாணவர் தயங்காமல் நகைத்தால் அவருக்குச் சொல் வசப்பட்டுவிட்டது என்று ஆசிரியர் உறுதி கொள்ளலாம்.

இரண்டாவது தீங்கு சொற்சேர்க்கை பற்றியது. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பது மொழிக்கு மொழி வேறுபடும் மரபு. ஆங்கிலத்தில் எண்ணெயும் வெண்ணெயும் கெட்டால் 'ரான்சிட்', பால் கெட்டால் 'சவர்', முட்டை கெட்டால் 'ஆடில்ட்'. பிர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்கிளேர் தலைமையில் தொகுக்கப்பட்டு 1987-இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, கற்பனையாக அமைத்த எடுத்துக்காட்டுகளை விலக்கி, உண்மையான எழுத்திலும் பேச்சிலும் வந்த வாக்கியங்களைக் கணினித் தொகுப்பிலிருந்து எடுத்தாண்டது. வேடிக்கைக்காக இட்டுக்கட்டிய வாக்கியம் உண்மை வழக்கிலிருந்து விலகும் என்பதால், இந்த நோக்கில் நகைச்சுவை வாக்கியங்கள் ஐயத்துக்குரியவை. இந்த ஐயம் நியாயமானதே. எனினும் அதற்குத் தீர்வு உண்டு. நிகழ்ச்சி எவ்வளவு விசித்திரமாகவும் இருக்கலாம். சொற்சேர்க்கை மட்டும் வழக்கில் உள்ளதாகவே இருக்க வேண்டும். ரான்சிட் ஆன கருத்துகள் என்று புதுமைக்காக எழுதுவது மாணவரை ஏமாற்றும். பாட்டனார் 1960-இல் வாங்கிய வெண்ணெய் ரான்சிட் ஆகவில்லை, பழமை ஏறியிருக்கிறது என்று வாதிட்டார் என எழுதினால், வெண்ணெயும் 'ரான்சிட்'டும் உரிய இடத்தில் நிற்க, வாதம் மட்டும் விந்தையாகிறது.

எவ்வகை நகைச்சுவை சொல் கற்பித்தலுக்கு ஏற்றது என்று எண்ணும்போது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் பகுப்பு வியக்கத்தக்க வகையில் துணை செய்கிறது. எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கும் அந்நூல், எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் அதன் நிலைக்களன்களாகக் கூறுகிறது. எள்ளல் பிறரை இகழ்வது, இளமை குழந்தைத்தன்மை, பேதைமை அறியாமை, மடன் என்பது பிறர் சொன்னதை ஆராயாமல் ஏற்று விடாப்பிடியாக நிற்பது என்று உரைவழி விளக்கப்படுகிறது. எளிதில் ஏமாறும் தன்மையைக் குறிக்கும் 'கல்லிபிள்' என்ற ஆங்கிலச் சொல் மடனின் எல்லைக்குள் அப்படியே அடங்குகிறது: கடலில் கால் ஏக்கரைத் தவணை முறையில் வாங்கிய கல்லிபிள் இளைஞன், வேலி போடக் கம்பி தேடிக்கொண்டிருக்கிறான். முகத்துதி செய்பவரைக் குறிக்கும் 'சைகோஃபண்ட்' என்பதற்கு, மேலதிகாரி தும்மியதும் அதன் இசைநயத்தைப் பாராட்டிக் கைதட்டியவன் பொருந்துவான், இது எள்ளல். குணக்கேட்டை எள்ளுவது வேறு, ஒரு சாதியையோ ஊரையோ உடற்குறையையோ எள்ளுவது வேறு. பின்னதை எடுத்துக்காட்டாகத் தரும் நூல்கள் வகுப்பறையில் ஒரு மாணவரையாவது தலைகுனிய வைக்கின்றன. அந்த மாணவர் அச்சொல்லை அவமானத்தோடு சேர்த்தே நினைவில் வைப்பார். எள்ளலைத் தவிர்த்து எஞ்சிய மூன்றிலிருந்தே போதுமான வாக்கியங்களைப் படைக்க இயலும் என்பதால், அத்தகைய எடுத்துக்காட்டுகளுக்கு எந்த நியாயமும் இல்லை.

நகைச்சுவை வாக்கியத்தோடு பலர் குழப்பிக்கொள்ளும் மற்றொரு முறை திறவுச்சொல் முறை. அயற்சொல்லின் ஒலியை ஒத்த தாய்மொழிச் சொல் ஒன்றைப் பிடித்து, அதற்கும் அயற்சொல்லின் பொருளுக்கும் இடையே ஒரு மனக்காட்சியை அமைப்பது அதன் உத்தி. 1975-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் அட்கின்சனும் மைக்கேல் ராவும் 120 ரஷ்யச் சொற்களைக் கொண்டு நடத்திய சோதனையில், இம்முறையில் கற்றவர்கள் 72 விழுக்காடும் மற்றவர்கள் 46 விழுக்காடும் சரியாக விடையளித்தனர். ஆறு வாரங்களுக்குப் பின் அவை 43, 28 என்று குறைந்தபோதும் இடைவெளி நீடித்தது. தமிழ் மாணவருக்கு, கடுமையைத் தணித்தல் என்று பொருள்படும் 'மிட்டிகேட்' என்ற சொல்லில் மிட்டாய் கேட்கும் குழந்தை தானாகவே வந்து நிற்கும். ஊசி போட்ட வலி மிட்டாயால் தணிகிறது. இத்தகைய காட்சி சொல்லைக் கண்டதும் பொருளை எழுப்பும். எந்தப் பெயர்ச்சொல்லோடு, எந்த நடையில் அதைக் கையாள வேண்டும் என்பதை அது கற்பிக்காது. ஆகவே முதல் வாரத்தில் மிட்டாயும், அதன்பின் வாக்கியமும் என இரண்டையும் வரிசைப்படுத்துவதே தக்கது.

வாக்கியத்தைப் படித்து நகைத்ததோடு பணி முடிந்துவிடுவதில்லை. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, பக்கத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். கோடிட்ட இடமுள்ள நகைச்சுவை வாக்கியம் இதற்கு இயல்பாகவே வாய்த்த கருவி: அட்டையின் ஒரு புறம் சொல் நீக்கிய வாக்கியமும் மறுபுறம் சொல்லும், அதனுடன் ஒரு செய்தித்தாளிலிருந்து எடுத்த நகைச்சுவையற்ற வாக்கியமும் எழுதி, இடைவெளிகளை நீட்டிக்கொண்டே திருப்பிப் பார்த்தால், நகைப்பு நினைவுக்கு இழுத்து வருவதை நிதானமான வாக்கியம் வழக்கோடு பொருத்திவிடும். 2011-இல் திருத்தியமைக்கப்பட்ட ஜி.ஆர்.இ. தேர்வு, எதிர்ச்சொல் வினாக்களையும் ஒப்புமை வினாக்களையும் கைவிட்டு வாக்கியத்தை நிரப்பும் வினாக்களை முன்னிறுத்தியதால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடும் மாணவருக்கும் இப்பயிற்சி நேரடியாகப் பயன்படும்.

மாணவர் தாமே நகைச்சுவை வாக்கியம் எழுதுவது இன்னும் ஆழமான பயிற்சி. தானே உருவாக்கியது படித்ததைவிட நன்கு நினைவில் நிற்கும் என்பதை நார்மன் ஸ்லாமெக்காவும் பீட்டர் கிராஃபும் 1978-இல் காட்டினர். ஆனால் ஜார்ஜ் மில்லரும் பட்ரீஷியா கில்டியாவும் 1987-இல் எழுதிய கட்டுரை ஓர் எச்சரிக்கையை வழங்குகிறது. அகராதி விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாக்கியம் எழுதிய பள்ளிக் குழந்தைகள் விந்தையான பிழைகளைச் செய்தனர்; 'மெட்டிகுலஸ்' என்பதற்கு மிகுந்த கவனமுள்ள என்ற விளக்கத்தைக் கண்ட ஒரு குழந்தை, மலை விளிம்பிலிருந்து விழாமலிருக்கும் எச்சரிக்கைக்கு அச்சொல்லைப் பயன்படுத்தியது. அச்சொல் குறிப்பது ஆபத்தைத் தவிர்க்கும் கவனத்தை அன்று. நுணுக்கங்களில் ஒன்றையும் விடாத கவனத்தை. வீட்டைக் கொள்ளையடித்தபின் தரையைத் துடைத்து, எடுத்த பொருள்களின் பட்டியலை இரண்டு படிகளில் எழுதி, ஒரு படியை உரிமையாளருக்காக மேசைமேல் வைத்துச் சென்ற மெட்டிகுலஸ் திருடனை முன்பே அறிந்த குழந்தை இப்பிழையைச் செய்திருக்காது. ஆகவே முதலில் நல்ல வாக்கியம் ஒன்றைப் படித்து, பின்னர் தானே எழுதி, எழுதியதை ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்வது என்ற வரிசையை மாற்றாமல் இருப்பது நலம்.

இம்முறைக்கு உட்படாத சொற்களும் ஏராளம். மனிதர் குணத்தையும் நடத்தையையும் சுட்டும் பெயரடைகள் நகைச்சுவைக்கு விளைநிலமாக இருப்பதால்தான், எடுத்துக்காட்டாகக் காட்டப்படுபவை பெரும்பாலும் கஞ்சரையும் அரட்டையாளரையும் சோம்பேறியையும் பற்றியவையாக அமைகின்றன. வெலிங்டனைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலின் 570 குடும்பங்கள் கல்வித்துறை நூல்களின் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வருகின்றன. 'டெரைவ்', 'கான்ஸ்டிட்யூட்', 'ஆல்பீயிட்' போன்ற அச்சொற்களுக்கு வலிந்து நகைச்சுவை தேடுவது வீண். அவை அந்நூல்களைப் படிக்கும்போதே அடிக்கடி எதிர்ப்படுவதால் தனி உதவியும் தேவையில்லை. 'சாங்ஷன்' போல, அனுமதி என்றும் தண்டனைத் தடை என்றும் எதிரெதிரான இரு பொருள்கள் உள்ள சொல்லுக்கு ஒரு வாக்கியம் ஒரு பொருளையே பதிக்கும். இரண்டையும் அருகருகே வைக்கும் இரண்டு செய்தி வாக்கியங்களே அதற்கு ஏற்றவை. துயரையும் கொடுமையையும் குறிக்கும் சொற்களை நகைச்சுவை தீண்டவே கூடாது. இனப்படுகொலையைக் குறிக்கும் 'ஜெனசைட்' என்ற சொல்லை, போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின், இனம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் கொலை என்று பொருள்படும் லத்தீன் ஈற்றையும் இணைத்து 1944-இல் உருவாக்கினார்; நான்கு ஆண்டுகளில் ஐக்கிய நாடுகள் அவை அதன் பெயராலேயே ஓர் உடன்படிக்கையை ஏற்றது. இந்த வரலாற்றை ஒரு முறை கேட்ட மாணவருக்கு அச்சொல் மறப்பதில்லை.